கப்பலில் சாப்பிடக் கோட்டு வேண்டாம், கணுக்கால் வரை வேட்டி போதும்

கேள்வி: எனக்கு 71 வயது, மனைவிக்கு 66. சியாட்டிலில் இருக்கும் மகன் வரும் ஜூனில் எங்களை 7 இரவு அலாஸ்கா சொகுசுக் கப்பலில் அழைத்துப் போகிறான். எங்கள் ஊர் டிராவல்ஸ்காரர், "ராத்திரிச் சாப்பாட்டுக்கு சாருக்குக் கோட்டு சூட்டு, அம்மாவுக்கு கவுன் கட்டாயம். இல்லாவிட்டால் டைனிங் ஹாலுக்குள் விடமாட்டார்கள்" என்கிறார். வாடகை உடை, தனி உணவகப் பேக்கேஜ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 28,000 ரூபாய் கேட்கிறார். எனக்கு வேட்டிதான் பழக்கம். மனைவி புடவை தவிர எதுவும் உடுத்தியதில்லை. இருவரும் சைவம். வம்பே வேண்டாம் என்று ஏழு நாளும் பஃபேயிலேயே சாதாரண உடையில் சாப்பிட்டுக்கொள்ளலாமா?
– கரூர் வாசகர்

பதில்: சாப்பிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பஃபேயில் ஈர நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் வரக்கூடாது என்பார்கள், அதற்கு மேல் கேள்வி இல்லை. அந்த 28,000 ரூபாயும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஆனால் ஏழு ராத்திரியும் பஃபே என்பது உங்கள் வயதுக்கு நான் சொல்லும் யோசனை இல்லை. கப்பலின் மேல்தளத்தில் இருக்கும். தட்டை நீங்களே ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்க வேண்டும், மேஜை பிடிக்க வேண்டும், தண்ணீருக்கு மறுபடி எழுந்து போக வேண்டும். சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கு வெளிப்புறமாக, திறந்த கடலில் போகும். அந்த இடத்தில் கப்பல் லேசாக ஆடும். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கொசுவம் என்று உங்கள் வீட்டம்மா நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

மெயின் டைனிங் ரூம் என்று கீழ்த்தளத்தில் ஒன்று இருக்கும். வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் உட்கார வைத்துக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். அதுவும் டிக்கெட் காசிலேயே அடக்கம். கோட்டுக்குப் பயந்து நம் பெரியவர்கள் இதை விட்டுவிட்டு மாடியில் தட்டேந்தி அலைவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

சரி, அங்கே என்ன உடை? சாதாரண இரவுகளில் ஆண்களுக்கு முழு பேண்ட், காலர் வைத்த சட்டை. பெண்களுக்கு நாலு பேர் எதிரில் உட்காரக்கூடிய எதுவும். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், தொப்பி, குளியலறைச் செருப்பு ஆகாது. இதைச் சொல்ல ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: 'ஸ்மார்ட் கேஷுவல்', 'ரிசார்ட் கேஷுவல்', 'குரூஸ் கேஷுவல்'. ஒரே சட்டைக்கு மூன்று பெயர். கொஞ்சம் சிங்காரித்து வரச்சொல்லும் இரவுக்கும் 'ஃபார்மல்', 'குரூஸ் எலிகண்ட்', 'ஈவினிங் சிக்' என்று ஆளுக்கொரு பட்டம். நேரடியாக "காலர் சட்டை போட்டு வாருங்கள்" என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? இந்த மூடுமந்திரத்தால்தான் உங்கள் ஊர் டிராவல்ஸ்காரருக்குப் பிழைப்பு ஓடுகிறது.

பிரின்சஸ், கார்னிவல் போன்ற கப்பல் கம்பெனிகளில் 7 இரவுப் பயணத்தில் அப்படிச் சிங்கார இரவுகள் வழக்கமாக இரண்டு. நார்வீஜியனில் கட்டாய ஃபார்மல் இரவே கிடையாது. எதுவானாலும் முதல் நாள் இரவு வராது, ஏனென்றால் துறைமுகத்தில் கொடுத்த பெட்டி பல பேருக்கு அறைக்கு வந்து சேரவே சாயங்காலமாகிவிடும். (மருந்து மாத்திரைகளையும் ஒரு மாற்று உடையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.) இப்போதெல்லாம் அந்த இரண்டு இரவிலும் பாதிப் பேர் கோட்டு இல்லாமல்தான் வருகிறார்கள், அதிலும் அலாஸ்கா பக்கம் இன்னும் தளர்வு.

புடவைக்கு வருவோம். பட்டுப்புடவைக்கு மேல் ஒரு ஃபார்மல் உடை எந்தக் கப்பலிலும் இல்லை. சாதாரண இரவுக்குச் சாதாரணப் புடவை, சிங்கார இரவுக்கு ஒரே ஒரு பட்டு. கஞ்சி போட்ட காட்டன் வேண்டாம். அறையில் இஸ்திரிப் பெட்டி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், தீப்பிடிக்கும் பயம். எலக்ட்ரிக் குக்கர், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பையும் இதே காரணத்துக்காக வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதனால் ரசம் வைக்கும் திட்டம் ஏதாவது இருந்தால் இப்போதே கைவிடுங்கள். முந்தானையை மடித்து ஊசி குத்திக்கொள்ளட்டும். பால்கனிக்கும் டெக்குக்கும் (கப்பலின் திறந்த தளம்) போகும் கதவுகளில் நம் பழைய வீட்டு நிலைப்படி மாதிரி உயர்ந்த சட்டம் இருக்கும், புடவையை அரை அங்குலம் தூக்கிக் கட்டுவது நல்லது. டைனிங் ரூமில் ஏசி குளிரும், சால்வை வேண்டும். டெக்கில் பனிப்பாறை பார்க்கும்போது புடவைக்குள் தெர்மல் உள்ளாடை, காலில் சாக்ஸ், ஷூ. புடவைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவா என்று கூச்சப்பட அங்கே நம் ஊர்ச் சம்பந்திகள் யாரும் வரப்போவதில்லை.

உங்கள் வேட்டிதான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். 2014ல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அதே ஆண்டு, வேட்டி போன்ற மரபு உடையில் வருபவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு சரி. நீங்கள் போகும் கப்பலில் பெரும்பாலும் பஹாமாஸோ பனாமாவோ பெர்முடாவோ கொடி பறந்துகொண்டிருக்கும். அங்கே நம்மைக் காப்பாற்றுவது வேறொரு வழக்கம்: அவரவர் நாட்டு மரபு உடை ஃபார்மல் உடைக்குச் சமம். உடை விஷயத்தில் மிகக் கறார் என்று பெயரெடுத்த குனார்டு கப்பல்களே தங்கள் விதியில் அதை எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே கரை போட்ட வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, வேண்டுமானால் தோளில் அங்கவஸ்திரம் என்று நீங்கள் எந்த இரவும் போகலாம்.

ஆனால் கவனியுங்கள், வேட்டி கணுக்கால் வரை தொங்க வேண்டும். மடித்துக் கட்டினால் அது வேட்டி இல்லை, வாசலில் நிற்பவர் கண்ணுக்கு அரைக்கால் சட்டை. என்னோடு வந்த குழுவில் ஒரு பெரியவர், பழக்க தோஷம், டெக்கிலிருந்து மடித்துக் கட்டிய வேட்டியோடு நேராக டைனிங் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்ற பையன் கோவாக்காரன், சிரித்த முகத்தோடு கையை நீட்டித் தடுத்தான். "சார், நோ ஷார்ட்ஸ்." பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் அவர் காதில் சொன்னேன், "மாமா, அவிழ்த்து விடுங்க." அவிழ்த்து விட்டார். வேட்டி மடமடவென்று கால் வரை இறங்கியது. அதே பையன், "குட் ஈவினிங் சார், திஸ் வே ப்ளீஸ்." இதற்கும் மேல் கைலி என்று ஒன்று இருக்கிறது. அதை அறையை விட்டு வெளியே கொண்டுவராதீர்கள். என்ன விலைக் கைலியானாலும் அங்கே அது ராத்திரி உடை.

இன்னும் இரண்டு. டெக்கில் அடிக்கும் காற்று கரூர்க் காற்று இல்லை, பெல்ட் கட்டாமல் வேட்டியோடு வெளியே போக வேண்டாம். வெல்க்ரோவும் பாக்கெட்டும் வைத்துத் தைத்த வேட்டி கிடைக்கிறதே, அது இங்கே உத்தமம். கப்பலில் அறைக்கதவு திறக்கவும் பில் எழுதவும் பெரும்பாலும் ஒரே ஒரு அட்டைதான், அதை எங்காவது செருகித்தானே ஆக வேண்டும். காலுக்கு, பின்வார் வைத்த தோல் செருப்பு அல்லது கறுப்பு ஷூ. ரப்பர் செருப்பு ஈரத் தளத்தில் வழுக்கும்.

இனி அந்தப் பேக்கேஜ். ஸ்பெஷாலிட்டி டைனிங் என்பது கப்பலுக்குள் தனிக்காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகங்கள். அவற்றில் முக்கியமானது ஸ்டேக் ஹவுஸ், அதாவது மாட்டிறைச்சி வறுவல் கடை. சைவம் சாப்பிடும் தம்பதிக்கு அதை விற்க ஒருவர் துணிகிறார் என்றால், அவர் அந்தக் கப்பலின் மெனுவைக்கூடத் திறந்து பார்த்ததில்லை, அல்லது பார்த்தும் வாய் திறக்கவில்லை. "டிப்ஸ் எல்லாம் இதில் அடக்கம்" என்றும் சொல்வார். டிப்ஸை ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் போலக் கப்பல்காரனே உங்கள் பில்லில் ஏற்றிவிடுவான். மகன் முன்பே கட்டிவிட்டானா என்று அவனிடம் கேளுங்கள். சிங்கார இரவில் டைனிங் ரூம் வாசலில் திரை கட்டிக்கொண்டு போட்டோக்காரர்கள் நிற்பார்கள். நின்று போஸ் கொடுங்கள், தப்பில்லை. வாங்கினால்தான் காசு, ஒரு படம் இருபது டாலருக்குக் குறையாது. மகன் கையில் போன் இருக்கிறது.

சைவச் சாப்பாட்டுக்கும் டைனிங் ரூம்தான் நல்லது. 'இந்தியன் வெஜிடேரியன், முட்டை இல்லாமல்' என்று கப்பல் நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள். முதல் இரவே தலைமைப் பரிசாரகரைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை சொல்லிவிடுங்கள். அனேகமாக அவரோ அவருக்குக் கீழே இருப்பவரோ இந்தியராக இருப்பார். மறுநாள் மெனுவை முன்னாலேயே காட்டி, சாதம், பருப்பு, ஒரு காய் என்று ஏற்பாடு செய்து தருவார்கள். சாம்பாரை எதிர்பார்க்காதீர்கள். சீல் உடைக்காத ஊறுகாய்ப் பாக்கெட்டும் பருப்புப்பொடியும் கொண்டுபோங்கள், வீட்டில் செய்த பட்சணத்தை அனுமதிக்க மாட்டார்கள்.

கோட்டைப் பற்றி இவ்வளவு பயமுறுத்தியவர் ஒன்றைச் சொன்னாரா என்று உங்கள் கடிதத்தில் தேடினேன், காணோம். கனடா விசா. அமெரிக்காவில் 1886ல் போட்ட ஒரு சட்டப்படி, வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் சியாட்டிலில் ஆளை ஏற்றி, இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொடாமல், மறுபடி சியாட்டிலிலேயே இறக்க முடியாது. அதனால் கடைசி நாளில் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துவார்கள், பல சமயம் இருட்டிய பிறகு. அந்தச் சில மணி நேரத்துக்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர் கனடா விசா எடுக்க வேண்டும், 79 வயது வரை கைரேகையும் கொடுக்க வேண்டும். 140 வருஷத்துக்கு முந்தைய சட்டத்துக்கு கரூரில் இருக்கும் 71 வயதுக்காரர் விரல் உருட்ட வேண்டியிருக்கிறது, என்ன சொல்வது.

"நாங்கள் இறங்கவே மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்பது எடுபடாது. சியாட்டிலில் ஏறும்போதே கனடா விசாவைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் ஏற்ற மாட்டார்கள். "அமெரிக்க விசா இருக்கிறதே, போதும்" என்பார் ஒருவர், அது போதாது. "ஏழு டாலர் இ-டி-ஏ (கனடாவின் ஆன்லைன் அனுமதி) போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குவார் இன்னொருவர். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அது கிடையாது. மகனையும் இதில் முழுக்க நம்பாதீர்கள். அவனிடம் கிரீன் கார்டு இருந்தால் அவனுக்குக் கனடா விசா தேவையில்லை, அதனால் உங்களுக்கும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பான். விசா வர வாரங்கள் ஆகும், சில சமயம் மாதங்கள். இன்று இரவு அவன் போனில் வரும்போது, கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தைத் தொடுகிறது என்று வரிசையாகப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.