கூரைக்கு ஷிங்கிள் போடலாமா?

பண்டாரவளை வாசகர்: புது வீட்டுக்குத் தார் ஷிங்கிள் போட ஆசை. தகரத்தை விடச் சதுர அடிக்குக் கொஞ்சம்தான் கூட என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

ஷிங்கிளின் விலையைச் சொல்லியிருக்கிறார். கூரையின் விலையைச் சொல்லவில்லை. தகரத்துக்கு ரீப்பை போதும். ஷிங்கிள் என்பது கண்ணாடி நார்ப் பாயில் தார் ஏற்றி, மேலே கல் துகள் ஒட்டிய வளையும் துண்டு. அடியில் ஈரம் தாங்கும் பிளைவுட் முழுக்கப் பரப்பி, அதன்மேல் நீர் தடுக்கும் விரிப்பும் போட வேண்டும். இதெல்லாம் கடைக்காரர் வாயில் வராது.

அப்புறம் அந்த உத்தரவாதம்! இதில் எனக்குத் தீராத கோபம். 'முப்பது வருடம்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பொடி எழுத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் உற்பத்திக் குறைக்கு மட்டும்தான், வருடம் ஏற ஏறத் தொகையும் இறங்கும். கூரை போடும் பாஸ் ஆணியைத் தப்பாக அடித்தால் ஒரு சதமும் வராது. காசைக் கொடுக்குமுன் கடையிலேயே நின்று வாசியுங்கள். முதலாளி முறைத்தால் முறைக்கட்டும்.

நல்லதும் உண்டு. மழை பெய்தால் தகரம் போலக் காதைப் பிளக்காது, துருவும் இல்லை, மூலை முடுக்குள்ள கூரைக்கு வெட்டிப்போட லேசு. ஆனால் படுக்கையில் 12 அடிக்கு 4 அடி உயரும் சாய்வு இருந்தால்தான் நிம்மதி. 2 அடிக்கும் குறைவென்றால் வேண்டவே வேண்டாம். சீலிங்குக்கு மேலே காற்றோட்டமும் விடுங்கள், இல்லாவிட்டால் பலகை அடியிலிருந்தே உளுத்துவிடும்.

நுவரெலியா வாசகி: ஷிங்கிள் முழுக்கப் பாசி. பிரஷர் மெஷின் வாங்கிக் கழுவலாமா?

கூடாது. துகள் உதிர்ந்துவிடும், துகள் போனால் வெயில் தாரைத் தின்றுவிடும். முகட்டோரம் செப்புத் தகட்டுப் பட்டி அடித்தால் செம்பு மழைநீரோடு இறங்கிப் பாசியை மட்டுப்படுத்தும். மெஷின் ஒன்று என் ஸ்டோரிலும் கிடக்கிறது. தள்ளுபடி என்று வாங்கியது, மோட்டார் சைக்கிள் சேறுகூட அதில் போகாது.

ஹற்றன் வாசகர்: பழைய தகரத்துக்கு மேலேயே ஷிங்கிளை அடிக்கலாமா?

முடியாது.

மஸ்கெலியா வாசகி: அட்வான்ஸ் வாங்கிய ஆள் கூரை போட்டுப் போன மாதம்தான் முடித்தார். முதல் காற்றிலேயே ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. போன் எடுப்பதில்லை.

அம்மா, இதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. காற்றுப் பக்கத்தில் துண்டுக்கு 4 ஆணி போதாது, 6 அடிக்க வேண்டும். ஷிங்கிளில் உள்ள ஒட்டும் பட்டி வெயிலில்தான் பிடிக்கும். குளிரில் கையாலேயே தார்ப் பசை தடவ வேண்டும். பிய்ந்த துண்டுகளை எறியாதீர்கள், ஆணித் துளை தெரியப் படம் எடுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வேலை முடிந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும், சேவைக்கும் அது பொருந்தும். 1977 என்ற எண்ணில் விசாரிக்கலாம். காசு திரும்பப் பெற மத்தியஸ்த சபையையும் பாருங்கள்.

தலவாக்கலை வாசகர்: பாதிக் கூரை ஒரு நிறம், மீதி வேறு நிறம். கடைக்காரர் கையை விரிக்கிறார். பில் வாங்கவில்லை.

பண்டலில் தொகுதி இலக்கம் இருக்கும், எல்லாம் ஒன்றுதானா என்று நீங்கள் பார்க்கவில்லை. முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்க்கவில்லை. அடித்து முடித்த பிறகு, பில்லும் இல்லாமல், என்னிடம் கேட்டு என்ன செய்ய? அடுத்த முறையாவது நாலைந்து பண்டலைப் பிரித்துக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள்.