உப்புத் தண்ணீரில் பயறு உயரமாக வளர்ந்துவிட்டதா?

தம்பி, உப்புத் தண்ணீர் ஊற்றிய பச்சைப்பயறு 11 செ.மீ., சாதாரணத் தண்ணீர் ஊற்றியது 7 செ.மீ. என்று வந்துவிட்டது, கண்காட்சிக்கு எண்களை மாற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

உங்கள் பதிவில் ஒரு வரி கண்ணில் பட்டது: ஒரு கப் ஜன்னலோரம், உப்புக் கப் மூடிய அலமாரிக்குள். விடை அநேகமாக அங்கேதான் இருக்கிறது. இருட்டில் முளைக்கும் செடி தண்டை மளமளவென்று நீட்டும். மெலிந்து வெளிறி, இலை மஞ்சளாக இருக்கும். உங்கள் செடி அப்படி இருந்ததா? உப்பையும் வெளிச்சத்தையும் சேர்த்தே மாற்றிவிட்டதால், எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, திரும்பச் செய்யுங்கள். எல்லாக் கப்பும் ஒரே இடம், ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். லிட்டருக்கு 0, 2, 5, 10 கிராம் உப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று கப், கப்புக்குப் பத்து விதை. ஒற்றை விதை சொத்தையாகக்கூட இருக்கலாம். உயரத்தோடு, எத்தனை முளைத்தன என்பதையும் தினமும் பேனாவில் எழுதுங்கள்.

எதிர்பாராத எண் வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஓர் உதாரணம்: காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருளிலிருந்து எடுத்ததைவிடச் சற்றே கனமாக இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கவனித்தார். எண்ணைத் திருத்தவில்லை, 1892-இல் வெளிப்படையாக எழுதி, காரணம் தெரியுமா என்று மற்றவர்களைக் கேட்டார். 1894-இல் அவரும் வேதியியலாளர் ராம்சேயும் அதற்குக் காரணமான, காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்ற வாயுவைக் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், அந்த முதல் சோதனையையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள், அலமாரி விஷயத்தோடு.