செயலியில் கருவி அடையாளமும் கடவுச்சொல்லும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்

கிளிநொச்சி: அக்கா, நெல் கொள்வனவுக்கு ஒரு செயலி செய்யிறம். ஒரு விவசாயிக்கு ஒரு போன் எண்டு கட்டிவைக்க ஐஎம்இஐ எண்ட போனின்ர தனி எண்ணை எடுத்தால், அன்ட்ரொயிட் 10இல செயலி விழுந்துபோகுது. ஏன்?

தம்பி, அன்ட்ரொயிட் 10இலிருந்து சாதாரணச் செயலிகளுக்கு ஐஎம்இஐ கிடையாது. பயனர் அனுமதி கொடுத்தாலும் செக்யூரிட்டி எக்செப்ஷன் என்ற பாதுகாப்புப் பிழைதான் வரும். அதைப் பிடிக்காவிட்டால் செயலி விழும். வைபை வன்பொருளின் எண்ணான மக் முகவரிப் பக்கமும் போகவேண்டாம். அன்ட்ரொயிட் 6 முதல் எல்லாப் போனும் 02:00:00:00:00:00 என்றே சொல்லும். அதைச் சேமித்தால் உங்கள் தரவுத்தளத்தில் ஊர் முழுவதற்கும் ஒரே போன்தான்.

செயலி முதல்முறை திறக்கும்போது ஒரு யூயூஐடியை (வேறெதோடும் மோதாத நீண்ட அடையாள எண்) எழுந்தமானமாக உருவாக்கி, செயலியின் சொந்தச் சேமிப்பில் வைத்து, சேர்வரில் பதியுங்கள். செயலியை அழித்தால் அதுவும் போகும். திரும்ப உள்நுழைய வேறொன்று பிறக்கும். ஐபோனில் கீசெயின் என்ற இரகசியப் பெட்டகத்தில் வைத்தால் செயலியை அழித்தாலும் தங்கியிருக்கும், அதை நினைவில் வைத்துச் சோதியுங்கள்.

ஆனால் ‘ஒருவருக்கு ஒரு போன்’ என்பதையே கைவிடுங்கள். எங்கட வீடுகளில் தகப்பனும் மகளும் ஒரே போனைப் பாவிப்பார்கள். அந்தப் போன் பிறகு விற்கப்படும். பயனருக்கு ஒரு அட்டவணை, கருவிக்கு இன்னொன்று, இரண்டையும் இணைக்க உள்நுழைவுகளுக்கு மூன்றாவது. போன் தொலைந்தால் அந்த மூன்றாவதில் ஒரு வரியை ரத்துச் செய்தால் போதும்.

மல்லாவி: அதுக்கு அன்ட்ரொயிட் ஐடி காணாதா?

உள்நுழைவுக்குக் காணாது. அது அன்ட்ரொயிட் செயலிக்குத் தரும் கருவி அடையாள எண், இரகசியமான ஒன்றல்ல. போனை முழுதாக அழித்து மீட்டமைத்தாலும் மாறிவிடும். அன்ட்ரொயிட் 8 முதல், செயலியில் கையொப்பமிடும் சாவி வேறானால் ஐடியும் வேறு. அதனால் உங்கள் சோதனைப் பதிப்பிலும் பிளே ஸ்டோர் பதிப்பிலும் ஒரே போனுக்கு இரண்டு ஐடி வருவது பிழையல்ல.

புதுக்குடியிருப்பு: இங்க சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். ஆக்கள் அடிக்கடி உள்நுழைவுத் திரைக்குத் தள்ளுப்படுகினம். கடவுச்சொல்லைப் போனிலேயே சேமிச்சு விடட்டோ?

வேண்டவே வேண்டாம், தங்கச்சி. போனில் இருக்கவேண்டியது டோக்கன் (உள்நுழைந்தவருக்குச் சேர்வர் தரும் சீட்டு) மட்டும்: 15 நிமிடம் செல்லுபடியாகும் அக்செஸ் டோக்கனும், அதைப் புதுப்பிக்கும் ரிப்ரெஷ் டோக்கனும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சிக்கல் புதுப்பிப்பில்தான். போன் ரிப்ரெஷ் டோக்கனை அனுப்புகிறது. சேர்வர் அதை ரத்துச் செய்து புதியதைத் தருகிறது. பதில் வந்து சேரமுதல் சிக்னல் போய்விடுகிறது. இப்போது போனிடம் இருப்பது செத்த டோக்கன். அதையே திரும்ப அனுப்ப, யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று சேர்வர் முழு இணைப்பையும் வெட்டுகிறது.

டோக்கனை ஒவ்வொரு முறையும் மாற்றும் இந்தச் சுழற்சியை நிறுத்திவிடாதீர்கள், அது பாதுகாப்புக்குத் தேவை. புதிய டோக்கன் முதல்முறை பாவிக்கப்படும்வரை பழையதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பழையது திரும்ப வந்தால், கைக்குப் போய்ச் சேராததை ரத்துச் செய்து இன்னொன்று கொடுங்கள். புதியது பாவனைக்கு வந்த பிறகும் பழையது வந்தால் மட்டும் வெட்டுங்கள். 60 விநாடிச் சலுகை என்று சிலர் வைப்பார்கள். சிக்னல் 20 நிமிடம் கழித்து வரும் இடத்தில் அது உதவாது.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கோரிக்கைகள் புதுப்பிக்க ஓடினால் ஒன்றையொன்று கெடுக்கும். பூட்டுப் போட்டு ஒன்றை மட்டும் விடுங்கள். அடுத்தது, இணைய இணைப்பு அறுந்ததற்கெல்லாம் டோக்கனை அழிக்கக்கூடாது. சேர்வர் வெளிப்படையாக மறுத்தால் மாத்திரமே அழிக்கலாம்.

வவுனியா: அடையாள அட்டை இலக்கத்தையே பயனர் பெயராயும் முதல் கடவுச்சொல்லாயும் குடுத்தால் சனத்துக்கு லேசு எண்டு சங்கத்தில சொல்லுகினம்.

கடவுச்சொல்லாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியது. பிறந்த திகதி தெரிந்தவருக்கு ஐந்து இலக்கம் ஏற்கெனவே கையில். முழு இலக்கமும் எத்தனையோ போட்டோக்கொப்பிகளில் கிடக்கிறது. பதிலாக 10 நிமிடம் செல்லுபடியாகும், ஐந்து தடவைக்கு மேல் முயல முடியாத ஆறிலக்கக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி, தாங்களே கடவுச்சொல் வைக்கவிடுங்கள்.

பயனர் பெயராக வைப்பதென்றால், பழையதையும் 12 இலக்கப் புதியதையும் ஒருவரே மாறி மாறி அடிப்பார், இரண்டு கணக்கு உண்டாகும். சேமிக்கமுதல் பழையதை மாற்றுங்கள்: முன்னால் 19, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தை விடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனதில் வையுங்கள். தொலைபேசி இலக்கமே போதுமென்றால் அடையாள அட்டையைக் கேட்கவே வேண்டாம்.

மடு: தமிழில வைச்ச கடவுச்சொல் ஒரு போனில சரி, மற்றதில பிழை எண்டு வருகுது.

‘கொ’வின் ஒகரக் குறியை ஒரு விசைப்பலகை ஒரே குறியீடாக அனுப்பலாம், இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷ் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமிக்கும், திரும்பப் பிரிக்க முடியாத வடிவம்) வேறு. சேர்வரில் ஹாஷ் செய்யமுதல் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் என்எப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே பதிந்தவர்களுக்கு மாற்றாத வடிவையும் ஒருதரம் ஒப்பிட்டு, பொருந்தினால் புதிதாக ஹாஷ் செய்து வையுங்கள்.

ஹாஷ் செய்யப் பிகிரிப்ட் முறையைப் பாவிக்கிறீர்களா? அதன் எல்லை 72 பைட். தமிழில் ஒரு குறியீடு 3 பைட், ஆகவே 24 குறியீடுகள்தான். ‘கொ’ ஒன்றே குறைந்தது இரண்டு. மிஞ்சியதைப் பல நூலகங்கள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆர்கன்2ஐடி என்ற ஹாஷ் முறைக்கு மாறுங்கள்: 19 மெபிபைட் நினைவகம், 2 சுற்று, 1 இழை. தமிழ்க் கடவுச்சொல்லைத் தடைசெய்வது தீர்வாகாது, சனத்துக்கு மறக்காமல் இருப்பது அதுதான்.

ஒட்டுசுட்டான்: புதுப் போனுக்கு மாறினவைக்கு மட்டும் செயலி திறந்த உடன விழுகுது.

மறைகுறியாக்கிய டோக்கன் கோப்பு கூகுள் பக்கப் (காப்புப் பிரதி) வழியாகப் புதிய போனுக்கு வந்துவிட்டது. அதைத் திறக்கும் சாவி பழைய போனின் கீஸ்டோர் என்ற சாவிப் பெட்டகத்தை விட்டு வெளியே வராது. அந்தக் கோப்பைப் பக்கப் விதிகளில் விலக்குங்கள். அன்ட்ரொயிட் 11 வரை ஒரு விதிக்கோப்பு, 12இலிருந்து வேறொன்று, இரண்டிலும் எழுதவேண்டும். அதோடு, திறக்க முடியாமல் போனால் பிழையைப் பிடித்து, கோப்பையும் பழைய சாவியையும் அழித்து, உள்நுழைவுத் திரைக்கு அனுப்புங்கள்.