கேள்வி: கைக்குழந்தையோடு பாலோலெம் கடற்கரைக்குப் போகிறோம். கோவாவுக்குப் போகும் டிக்கெட்டில் விமான நிலையக் குறியீடு ஜிஓஎக்ஸ் (GOX), திரும்பும்போது ஜிஓஐ (GOI). இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை நண்பரே, டெர்மினல் வேறு என்று நினைத்துவிடாதீர்கள். விமான நிலையமே வேறு. ஜிஓஎக்ஸ் என்பது வடக்கே பெர்னெம் பக்கம் இருக்கும் மோபா. 2023 ஜனவரியில்தான் விமானங்கள் வரத் தொடங்கின. ஜிஓஐ என்பது வாஸ்கோ பக்கத்தில் உள்ள பழைய டாபோலிம். இடையில் 60 கிலோமீட்டர் போல இருக்கும்.

உங்கள் சிக்கல் போகும்போதுதான். இரவு 9:40க்கு மோபாவில் இறங்கி, தெற்குக் கோடியில் இருக்கும் பாலோலெம் போக 100 கிலோமீட்டர் வரும். கைக்குழந்தையோடு அந்த நேரத்தில் வேண்டாம். டாக்சிக்கும் பணம் கரையும். அன்றிரவு பணஜியில் தங்கிவிடுங்கள். காலையில் பணஜி பேருந்து நிலையத்தில் மட்காவ் போகும் கடம்பா (கோவா அரசுப் போக்குவரத்து) 'நான்-ஸ்டாப்' பேருந்துக்குக் கவுண்டரிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறலாம். நின்றுகொண்டு வருபவர்களை ஏற்றுவதில்லை என்பதால் குழந்தையோடு நிம்மதி. மட்காவிலிருந்து காணகோணா பேருந்து பிடித்தால் பாலோலெம் பக்கம்தான்.

ஓலா, ஊபரை நம்பிப் போகாதீர்கள். கோவாமைல்ஸ் டாக்சி செயலியைக் கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள், இல்லையென்றால் ப்ரீபெய்டு டாக்சி கவுண்டர்.

திரும்பும்போது டாக்சியில் ஏறியதும் "டாபோலிம்" என்று பெயரைச் சொல்லுங்கள். வெறுமனே ஏர்போர்ட் என்று சொல்லி, எந்த ஏர்போர்ட் என்று பாதி வழியில் நான் திருதிருவென முழித்திருக்கிறேன். அப்புறம், டாபோலிம் கடற்படைத் தளம். ஓடுபாதைப் பக்கம் கேமராவை நீட்ட வேண்டாம்.