கரண்ட் போகும் நேரமும் பேச்சைப் பிடுங்குகிறவரும்

வணக்கம் அக்கா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் என் சம்பளம்தான் வீட்டை ஓட்டுகிறது. இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போனால் நெட் அறுந்துவிடுகிறது. திரும்ப வரச் சில நிமிடம் ஆகிறது. அதற்குள் டீமில் ஒருவர், "அவங்க லைன்ல இல்ல, நானே சொல்லிடறேன்" என்று நான் தயாரித்த கணக்கைத் தன்னுடையதுபோல மேனேஜரிடம் சொல்லிவிடுகிறார். போன வாரம் எல்லோர் முன்னாலும், "மீன் வாடை ஸ்கிரீன் வரைக்கும் வருது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் கேமராவைப் போடுவதில்லை. நகையை அடகு வைத்து சோலார், புது லேப்டாப், புது ரவுட்டர் எல்லாம் போட்டுவிட்டால் அவர் வாய் அடங்கும் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பெயர் வேண்டாம், மண்டபம்.

அன்புள்ள தங்கைக்கு,

நகையை அடகு வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் கோளாறு நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. அந்த மனிதரிடம் இருக்கும் கோளாறு நீங்கள் எது வாங்கினாலும் சரியாகாது.

முதலில் வீட்டைப் பார்ப்போம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஏற்கும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் ஃபேனும் லைட்டும் தாக்குப்பிடிக்கும். ரவுட்டர் அணைந்து திரும்பக் கிளம்பும். உங்களுக்குப் போகிற சில நிமிடம் அதுதான். பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது நார்மலில் இருந்தால், இடைவெளி குறைய யுபிஎஸ் பக்கம் மாற்றிப் பாருங்கள். வோல்டேஜ் குறையும் நேரங்களில் அடிக்கடி பேட்டரிக்குப் போகும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜும் ஆம்பியரும் அதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். இணைப்பு கொடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: கரண்ட் போனால் அவர் பக்கத்துப் பெட்டி பேட்டரியில் ஓடுமா? ஓடாதென்றால் நீங்கள் வீட்டில் எவ்வளவு கொட்டினாலும் வீண். வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு போனை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வைத்துக்கொள்வதுதான் வழி.

அப்புறம் உப்புக்காற்று. ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் லேன் வயரைப் பிடுங்கி, அதன் முனையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வரிசையாக எட்டுத் தகடுகள் பொன் நிறத்தில் மின்ன வேண்டும். நம் கடலோர வீடுகளில் அவற்றில் ஒன்றிரண்டு பச்சை பூத்துப்போயிருக்கும். மேல்பூச்சு தேய்ந்த இடத்தில் உள்ளே இருக்கும் செம்பை உப்பு ஈரம் தின்றதன் அடையாளம் அது. நெட் விட்டுவிட்டு வருவதற்கு இது ஒன்றே போதும். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டுத் தர ஆள் இருக்கிறார்கள், செலவும் சொற்பம். ரவுட்டர் கடல் பார்த்த ஜன்னலில் இருந்தால் உள்பக்க அலமாரிக்கு மாற்றுங்கள்.

இதில் நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1914-இல் கட்டிய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்களே, கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் தூக்குப் பகுதியைத் துரு அரித்துப் பலவீனமாக்கியதுதான் காரணம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பெயிண்டும் தேவைப்பட்டன. ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால், உங்கள் வீட்டு வயர் என்ன செய்யும்?

சோலார் நல்லதுதான், ஆனால் உங்கள் பிரச்சினைக்கு மருந்து அது இல்லை. பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அந்த வகையில் போடுவது பெரும்பாலும் மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும் அமைப்பு. லைனில் கரண்ட் போனால், கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து வரக்கூடாது என்று அதுவும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் உங்கள் ரவுட்டர் அணைந்துதான் இருக்கும். பில் பெரிதாக வரும் வீட்டுக்கு அது லாபம். லேப்டாப் திணறுகிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதைத் தொடாதீர்கள்.

இனி அந்த ஆள். "மீன் வாடை" என்று அவர் சொன்னதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மீன் உங்களைப் படிக்க வைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் படகு கரையில் நிற்கும்போது அந்த வீட்டைத் தாங்குகிற பெண்ணைப் பார்த்து ஒருவர் இப்படிப் பேசுகிறார், இரண்டு பேர் சிரிக்கிறார்கள். இதை விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடக்கூடாது. நாளைக்கே கேமராவைப் போடுங்கள்.

கரண்ட் போகாத நாளிலும் அவர் வேறு ஏதாவது சாக்கு கண்டுபிடிப்பார். அதனால் வேலை உங்களுடையது என்பது கூட்டத்துக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணக்கு முடிந்ததும் கூட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் மேனேஜருக்கு உங்கள் பெயரில் மெயில் போய்விடட்டும்: "நான் தயாரித்த கணக்கு இணைப்பில் உள்ளது, கூட்டத்தில் நானே விளக்குகிறேன்." லைன் அறுந்தால் போனிலிருந்து குரூப்பில் ஒரே வரி: "இரண்டு நிமிடத்தில் வருகிறேன், என் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள்." அதற்கு மேல் கெஞ்சவோ விளக்கவோ வேண்டாம்.

அவரிடம் தனியாக ஒரு தடவை பேசுங்கள், குரலை உயர்த்தாமல். "என் வேலையை நான் சொல்லிக்கொள்கிறேன். என் ஊரைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் இனிப் பேசாதீர்கள்" என்றால் போதும். பேசியதை அன்றே தேதி போட்டுக் குறித்து வையுங்கள். மீன் வாடைப் பேச்சையும் அன்று யார் யார் இருந்தார்கள் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், நாள் போனால் மறந்துவிடும். திரும்பவும் செய்தால் அந்தக் குறிப்போடு மேனேஜருக்கும் எச்ஆருக்கும் எழுத்தில் கொடுங்கள். பேச்சு பாலியல் ரீதியாகப் போனால் அது வேறு கதை. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

இரவில் தூக்கம் கெடுகிறது, காலையில் லேப்டாப்பைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள்.

முதலில் அந்த சுவிட்சையும் லேன் வயரையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மேனேஜருக்கு எழுதும் நிலை வந்தால் வரைவை அனுப்புங்கள், சேர்ந்து திருத்துவோம்.

அன்புடன்,
அக்கா