டைட்டானிக் மூழ்கியதற்குப் பனிப்பாறை மட்டும்தான் காரணமா?

பனிப்பாறையில் இடித்தது உண்மை. ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் கட்டிவிட முடியாது. 1912 ஏப்ரல் 14 அன்று பனிக்கட்டி எச்சரிக்கைகள் கம்பியில்லாத் தந்தியில் பலமுறை வந்தும், கப்பல் ஏறத்தாழ 22 நாட் (மணிக்குச் சுமார் 41 கி.மீ.) வேகத்திலேயே போனது. வானம் தெளிவாக இருந்தால் வேகத்தைக் குறைக்காமல் செல்வது அக்கால வழக்கம். அன்றோ நிலவும் இல்லை, அலையும் இல்லை. அலை இருந்திருந்தால் பாறையின் அடியில் தெறிக்கும் வெண்ணுரையாவது கடலைக் கண்காணித்து நின்றவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

இரவு 11:40க்கு வலப்பக்கம் உரசியது. கப்பல் நீளவாக்கில் கிழிந்தது என்று இன்னும் சொல்கிறார்கள், அப்படியல்ல. ரிவெட் ஆணிகள் விட்டுப்போய், தகடுகளின் இணைப்பில் மெல்லிய பிளவுகள் விழுந்தன. எல்லாம் சேர்த்தும் ஒரு கதவின் பரப்புகூட இராது.

வினை வேறிடத்தில் இருந்தது. தடுப்புச் சுவர்களால் பிரித்த அறைகளில் முன்புறம் நான்கு நிரம்பினாலும் மிதக்கும்படி கட்டிய கப்பல் அது. அதற்கு மேலும் சில அறைகளில் நீர் புகுந்துவிட்டது. தடுப்புச் சுவர்களோ மேல்தளம்வரை எழும்பவில்லை. முகப்பு தாழத் தாழ, சாய்த்த ஐஸ் தட்டில் குழிக்குக் குழி வழிவதுபோல் தண்ணீர் அடுத்தடுத்த அறைக்குப் பாய்ந்தது.

சுமார் 2,200 பேருக்கு உயிர்காப்புப் படகுகளில் இருந்தது 1,178 இடம். அன்றைய பிரிட்டிஷ் விதி அவ்வளவுகூடக் கேட்கவில்லை! அதிலும் 40 பேர் ஏறக்கூடிய ஒரு படகு 12 பேருடன் இறக்கப்பட்டது.