மதியமே ஊறிய பருப்பு

அன்புள்ள அக்கா,

கொடைக்கானலில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் கல்யாண நாள். பரீட்சைத் தாள் கட்டோடு நான் வீடு திரும்பும்போது கணவர் சமைத்து முடித்திருந்தார். பூம்பாறைப் பூண்டைத் தட்டிப் போட்ட பருப்பு ரசம், உருளைக்கிழங்கு வறுவல், சுட்ட அப்பளம். துவரம்பருப்பை மதியமே ஊறப்போட்டிருக்கிறார். தட்டைக்கூட வெந்நீரில் அலசித் துடைத்து, அந்தச் சூட்டிலேயே சோறு போட்டார். மதுரையில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னேன். "கல்யாண நாளுக்கு ரசஞ்சோறா? ஓட்டலுக்குக் கூட்டிப் போக மனசு வரலையாக்கும்" என்று சிரித்துவிட்டாள். எனக்கு அது விருந்தாகத்தான் இருந்தது. அவளுக்கு என்ன பதில் சொல்வது?

எஸ்., கொடைக்கானல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அக்கா மதுரையில் இருந்துகொண்டு கேட்கிறார், அதுதான் விஷயமே. அங்கே ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், 7,000 அடி உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவு. அப்புறம் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கரில் வைத்தாலும் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட்டாக வேண்டும்.

ஆக, ராத்திரி ரசத்துக்கு மதியமே பருப்பை ஊறப்போட்ட மனிதருக்கு அப்போதிருந்தே உங்கள் சாப்பாட்டு நினைப்புதான். ஓட்டலுக்குப் போக இவ்வளவு யோசனை வேண்டாம், பர்ஸை எடுத்துக்கொண்டால் போதும்.

ரசத்தையும் சும்மா சொல்லக் கூடாது. அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போக முடியாது. நுரை கூடி விளிம்புக்கு ஏறும் நேரம் பார்த்து இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் போயிற்று. பூண்டோ கொடைக்கானல் மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் காரத்துக்கு, உரித்து முடிப்பதற்குள் நகக்கண் எரியும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தத் தட்டுதான். மலைக்குளிரில் சில்லிட்ட எவர்சில்வர் தட்டில் சோறு போட்டால், அப்பளத்தை நொறுக்குவதற்குள் ஆறிப்போகும். தினமும் அப்படி ஆறிப்போன சோற்றைச் சாப்பிடுகிறவர் நீங்கள் என்பதை அவர் கவனித்திருக்கிறார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவருக்குத்தானே அது கிடைக்கும்!

ஆனால் ஒன்று. நீங்கள் வருஷம் முழுக்கச் செய்வதற்கு இப்படி ஒரு கடிதம் அவர் யாருக்காவது எழுதியிருப்பாரா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆண்கள் ஒரு நாள் கரண்டி பிடித்தால் ஊரைக் கூட்டுவது நம் வழக்கம். பல வீடுகளில் அந்த ஒரு நாளும் "புளி எங்கே, பெருங்காயம் எங்கே" என்று கேட்டே மனைவியை அடுக்களையில் நிற்க வைத்துவிடுவார்கள். அது விருந்தில்லை, எடுபிடி வேலை. உங்கள் வீட்டில் நீங்கள் வரும்போதே சமையல் முடிந்திருந்தது. அதனால்தான் உங்களுக்கு அது விருந்தாகப் பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அக்காவுக்குப் பதில் எதற்கு? லீவில் வரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பில், குக்கர் இல்லாமல், அவரே ஒரு ஆழாக்குப் பருப்பை வேக வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம், அன்றைக்குப் பாத்திரம் கழுவியது யார் என்று நீங்கள் எழுதவே இல்லையே. அந்தக் குளிரில், அந்தக் குழாய்த் தண்ணீரில்? அதையும் சொன்னால்தான் உங்கள் கணவருக்கு முழு மதிப்பெண் போடுவேன்.